ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொடங்கும் அமெரிக்க விசா

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகளோ மகனோ பெற்றோருக்கு மனுப் போட்டதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘மும்பையில் என்ன கேட்பார்கள்?’ என்பதுதான். தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்து, கேள்வி பதில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. போய்வந்த குடும்பங்களைக் கேட்டால் வேறு கதை வரும். அதிகாரி முன்னால் நின்றது சில நிமிடம். அதற்கு முந்தைய மாதங்களில் தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், சார்பதிவாளர் அலுவலகம் என்று அலைந்தபோதே காரியம் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும், அல்லது சிக்கியிருக்கும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்துத் தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். டெக்சஸில் இருக்கும் மகள் இருவருக்கும் தனித்தனியாக ஐ-130 மனு அனுப்பினார். 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். ஆளுக்கு 325 டாலர் விண்ணப்பக் கட்டணமும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலரும் கட்ட வேண்டும். டி.எஸ்.-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று மையம் சொன்ன பிறகே நேர்காணலுக்குத் தேதி. சென்னையில் துணைத் தூதரகம் இருந்தாலும் குடியேற்ற விசாவுக்கு மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குத்தான் போக வேண்டும்.

இதில் சிக்கியது அம்மாவின் பிறப்புச் சான்றிதழ்.

அவர் பிறந்தது 1950-களில், வீட்டில், மருத்துவச்சி கையில். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. நாட்டின் பெரும்பகுதியில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இருப்பது அமெரிக்க அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமல்ல. இந்திய ஆவணங்களுக்கான அவர்களுடைய வழிகாட்டியிலேயே அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு மாற்று வழி உண்டு. பதிவேட்டில் தேடிப் பார்த்து ‘பதிவு இல்லை’ என்று அரசு அலுவலகம் தரும் சான்று வேண்டும். அதோடு பள்ளி மாற்றுச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் போன்ற பழைய காகிதம். பெற்றோரோ, பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினரோ நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரமும் சேர வேண்டும்.

ஆனால் ஊரில் கிடைத்த யோசனை வேறு. “எதுக்கு இவ்வளவு அலைச்சல்? புதுசா ஒரு சர்டிபிகேட்டே வாங்கிடலாமே” என்றார் ஒருவர். இப்படிச் சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கவும் ஒருவர் இருப்பார். அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. அறுபது வயதைக் கடந்தவர் பெயரில் போன மாதம் முளைத்த சான்றிதழ்தான் அதிகாரியின் கண்ணை உறுத்தும். போலி ஆவணம் என்று முடிவானால் அந்த விண்ணப்பம் போவதோடு நிற்காது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, பொய் சொல்லி விசா வாங்க முயன்றவர் என்ற தடை ஆயுள் முழுக்கத் தொடரும். இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொள்ளும் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பைப் பலர் உணர்வதே இல்லை.

அம்மா அந்த உபதேசத்தைக் கேட்கவில்லை. படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கே போனார். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவருடைய பெயரும் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. தலைமையாசிரியர் அதைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதிக்கும் பாஸ்போர்ட்டில் இருந்த தேதிக்கும் மூன்று மாத வித்தியாசம்!

அந்தத் தலைமுறையில் இது சாதாரணம். பிள்ளையைச் சேர்க்கப் போன இடத்தில் வாத்தியாரே வயதைக் கணக்குப் போட்டு மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். வாக்காளர் அட்டை ஒன்று சொல்லும், ஆதார் இன்னொன்று சொல்லும், ஜாதகம் மூன்றாவதாக ஒன்று சொல்லும். இப்படி இருக்கையில் எல்லாக் காகிதத்தையும் அவசர அவசரமாகத் திருத்தக் கிளம்புவதைவிட, எந்தத் தேதி எதற்கு ஆதாரம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, வித்தியாசம் வந்த காரணத்தைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்தைச் சேர்ப்பது நல்லது. பாஸ்போர்ட்டில் இருப்பதே தவறு என்றால் அதை முதலில் திருத்திக்கொண்டு, பிறகு டி.எஸ்.-260 நிரப்ப வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரும். நல்லவேளையாக இந்த அம்மாவுக்குப் பாஸ்போர்ட் தேதியையே சொல்லும் கோயில் பதிவு ஒன்றும், அவருடைய அக்காவின் உறுதிமொழியும் கிடைத்தன.

பெயர் விவகாரம் இதைவிடச் சங்கடம். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பாவின் பெயருக்கு ஒரு இன்ஷியல், அவ்வளவுதான். பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகேசன், பாஸ்போர்ட்டில் முருகேசன் சுப்பிரமணியன், மகளின் பிறப்புச் சான்றிதழில் வெறும் முருகேசன் என்று ஒரே மனிதர் மூன்று பேராக நிற்பார். சுப்பிரமணியன் என்பதன் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ‘என்’, இன்னோரிடத்தில் ‘எம்’. திருமணத்துக்கு முன் அப்பாவின் இன்ஷியல், பின் கணவரின் இன்ஷியல் என்று பெண்களுக்கு இது இரட்டிப்பாகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உள்ள ஒரே பெயரே குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சாகும். பின்னர் ஓட்டுநர் உரிமமும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் வந்து தொல்லை கொடுக்கும். பெயரைப் பிரித்து எழுத விரும்புகிறவர்கள் பாஸ்போர்ட்டில் அதை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். டி.எஸ்.-260-இல் ‘வேறு பெயர்கள்’ என்று கேட்கும் இடத்தில் எல்லா வடிவங்களையும் ஒளிக்காமல் எழுதிவிடுவது பாதுகாப்பு.

மகளின் பிறப்புச் சான்றிதழும் இந்தக் கோப்பில் முக்கியம். இவர்தான் மகள் என்று நிரூபிப்பது அதுதான். 1980-களில் தஞ்சாவூர் மருத்துவமனையில் பிறந்த அவருடைய சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடும் வழக்கத்தால் தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேருக்கு இந்த நிலை. பதிவு செய்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்க்க விதி இடம் தருகிறது; பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்திருக்கிறது. ஆகவே மனுப் போடுகிற மகனோ மகளோ முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது தன் சான்றிதழை. அதில் பெற்றோர் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கான மனுவில் பெற்றோரின் திருமணச் சான்றும் கேட்பார்கள். இங்கேயும் அதே கதைதான். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல் வந்தது. அதற்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ நடந்தவற்றுக்குப் பத்திரிகையும் ஆல்பமும்தான் சாட்சி. பழைய திருமணத்தையும் இந்துத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஐயர் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணமும் சட்டப்படி செல்லும். 1967-இல் கொண்டுவந்த மாநிலத் திருத்தத்தால் அந்தச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. படிவத்தில் எழுத வேண்டியது திருமணம் நடந்த தேதி. பதிவு நடந்த தேதியை எழுதிக் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு. முதல் திருமணம் முறிந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் நகலும், துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய விடுதலைப் பத்திரத்தை மட்டும் நம்பி மும்பைக்குப் போவது ஆபத்து.

புதிதாக மணமானவர்களின் கோப்பு வேறு மாதிரி. அங்கே அதிகாரி தேடுவது இருவரும் உண்மையாகவே சேர்ந்து வாழும் எண்ணம் உள்ளவர்களா என்பதை. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்பதால் சந்தேகம் வந்துவிடாது. நிச்சயதார்த்தப் படம், விமான டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது, பேசிய அழைப்புகளின் பட்டியல் எல்லாம் தேதி வாரியாக இருந்தால் போதும். நூறு புகைப்படம் தேவையில்லை. இரு வீட்டாரும் இருக்கிற படங்கள் சிலவற்றைப் பின்புறம் தேதியும் இடமும் குறித்து வைத்தால் அவையே அதிகம் பேசும். திருமணமாகி 2 ஆண்டு ஆவதற்குள் அமெரிக்காவில் இறங்குபவருக்கு நிபந்தனையுடன் 2 ஆண்டுக்கு மட்டுமே கிரீன் கார்டு கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் மீண்டும் மனுப் போட வேண்டும். எனவே இந்த ஆதாரங்களைத் தூக்கிப் போடக் கூடாது.

பணம் பற்றிய பகுதியைப் பலர் வெறும் படிவமாக நினைக்கிறார்கள். ஐ-864 என்ற அந்த ஆதரவுப் பத்திரம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மனுதாரரின் வருமானம், வருகிறவர்களையும் சேர்த்த குடும்ப அளவுக்கு, அமெரிக்க அரசின் வறுமைக் கோட்டில் குறைந்தது 125 சதவீதம் இருக்க வேண்டும். போதவில்லை என்றால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். வந்தவர் குடியுரிமை பெறும் வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்குச் சேரும் வரையோ அந்தப் பொறுப்பு நீடிக்கும். கணவன் மனைவி விவாகரத்து செய்துகொண்டாலும் விலகாது. சிநேகிதரிடம் கையெழுத்துக் கேட்கும்போது இதை முழுக்கச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் நேர்மை.

காவல்துறைச் சான்று 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் வேண்டும். இந்தியாவில் அதைத் தருவது பாஸ்போர்ட் அலுவலகம். உள்ளூர்க் காவல் நிலையம் விசாரணை மட்டுமே செய்யும். பி.சி.சி. என்றே எல்லோரும் சொல்வார்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ 12 மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் அந்த நாட்டுச் சான்றையும் வாங்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சகோதரர் போட்ட மனுவில் வருகிற குடும்பங்களை இது கடுமையாகப் பிடிக்கிறது. இந்தியர்களுக்கு அந்த வரிசையில் 15 ஆண்டுக்கும் மேல் காத்திருப்பு. அதற்குள் திருச்சி மனிதர் ஒருவர் சவூதியில் சில ஆண்டு, சிங்கப்பூரில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். பழைய பாஸ்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் முத்திரைகளைப் பார்த்துத் தேதிகளைச் சொல்ல முடிந்தது. அவருடைய மூத்த மகனுக்கு அப்போது 21 கடந்திருந்தது. 2002-இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி, மனு நிலுவையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக் கணக்கிட வேண்டும். கழித்தபின் 21-க்குக் கீழே வந்ததால் அவனும் கோப்பில் தங்கினான். விசா எண் கிடைக்கும் நிலை வந்த ஓராண்டுக்குள் விண்ணப்ப நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். மின்னஞ்சலும் வீட்டு விலாசமும் மாறிய செய்தியை விசா மையத்துக்குச் சொல்லாமல், வந்த அறிவிப்புக்கு ஓராண்டு பதிலே தராமல், வரிசையையே இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

தமிழில் உள்ள காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரியும், பெயர்த்தது சரி என்று பெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலுக்குத் தானாக ‘திருத்தி’ எழுதச் சொல்லக் கூடாது. மூலத்தில் என்ன இருக்கிறதோ அதுவே வர வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையை எந்த டாக்டரிடமும் செய்துகொள்ள முடியாது. தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டுமே. பழைய தடுப்பூசி அட்டை, தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை எடுத்துப் போக வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்து சளிப் பரிசோதனை கேட்டால் வளர்ப்புச் சோதனைக்கே 8 வாரம் ஆகும். முதியவர்களுக்கு இது நடப்பதுண்டு. ஆகவே நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் மருத்துவமனைக்கு ஓடக் கூடாது. மிக முன்னதாகவும் போகக் கூடாது, ஏனென்றால் விசாவின் ஆயுள் பெரும்பாலும் இந்தப் பரிசோதனையின் 6 மாதத்தை ஒட்டியே அமையும். விரல்ரேகைக்கும் புகைப்படத்துக்கும் தனி நாள் குறித்து விண்ணப்ப மையத்துக்குப் போக வேண்டும். படம் இரண்டு அங்குலச் சதுரம், கண்ணாடி இல்லாமல்.

கும்பகோணத்துத் தம்பதி இணையத்தில் ஏற்றிய அதே வரிசையில் அசல்களை அடுக்கிக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செராக்ஸ். பிறந்த தேதி பற்றிக் கேட்டபோது அம்மா, “எனக்கு நினைவு தெரியாது சார், அக்கா சொன்னது இது, பள்ளிக்கூடத்துல எழுதினது அது” என்று உள்ளபடி சொன்னார். அப்பாவுக்கு அன்றே ஒப்புதல் கிடைத்தது. அம்மாவுக்கு 221-ஜி சீட்டு ஒன்று வந்தது. பதிவு இல்லை என்ற சான்றில் அலுவலக முத்திரை தெளிவாக இல்லையாம். வீட்டில் அழுகை. இந்தச் சீட்டைக் கண்டு கலங்கத் தேவையில்லை: பெரும்பாலும் கேட்ட காகிதத்தைக் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு என்பதே அதன் பொருள். தாலுகா அலுவலகத்தில் புதிய சான்று வாங்கி அனுப்பினார்கள், சில வாரத்தில் பாஸ்போர்ட் விசாவோடு திரும்பியது.

கையில் வந்ததும் மகள் தொலைபேசியிலேயே ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொன்னார்: பெயர், பிறந்த தேதி, பிரிவு, முடிவுத் தேதி. விசாவில் பிழை இருந்தால் விமானம் ஏறும் முன்பே தூதரகத்திடம் சொல்லித் திருத்திக்கொள்வது எளிது. பிறகு குடியேற்றக் கட்டணம் ஆளுக்கு 235 டாலரை இணையத்தில் கட்டினார். அதைக் கட்டாமல் கிரீன் கார்டு தபாலில் வராது. அப்பா, அம்மாவின் மருந்துச் சீட்டுகளையும் அசல் சான்றிதழ்களையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி உறைக்கு அடியில், தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த அந்தப் பள்ளிச் சான்றும் இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதை மறுபடி கேட்கக்கூடும் என்று மகள் சொல்லியிருந்தார்.