வாசிக்க முடியாத காலத்தில் தொழிலைக் காப்பது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் மேளக்காரர் வீட்டு செல்போன் ஓயாது. ஆடிப்பூரத் தேர் ஒரு பக்கம், ஊர் ஊருக்கு அம்மன் கோயில் பொங்கல் ஒரு பக்கம், செண்பகத்தோப்பில் பேச்சியம்மனுக்கும் ராக்காச்சியம்மனுக்கும் நேர்ந்துகொண்ட குடும்பங்களின் கிடாவெட்டு இன்னொரு பக்கம். அச்சாரம் வாங்கிய பிறகு தவில்காரருக்குத் தோளைத் தூக்க முடியவில்லை, நாதஸ்வரக்காரருக்கு இருமல் நிற்கவில்லை என்றால் என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளுகிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் செட்டில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. மாதச் சம்பளமோ மருத்துவ விடுப்போ இல்லாத தொழில் இது. ஆனாலும், நோயை மறைத்து வாசித்தவர்களைத்தான் இந்தத் தொழில் முதலில் இழக்கிறது.

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷரின் கதையை ஒவ்வொரு தவில்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1964-இல், முப்பத்தாறு வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கத் தொடங்கின. சாதகம் போதவில்லை என்று நினைத்து அந்தக் கையை இன்னும் கடுமையாக உழைக்கவைத்தார், நிலைமை மோசமானது. இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசையை வாசித்தார், வாத்தியக் குழுக்களை நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். இரண்டு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு மறுபடி வெளிவந்தது 2004-இல். இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஆகவே முதல் வேலை, டாக்டரிடம் போவது. போனால் 'தோள் வலி' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். முடிந்தால் தவில் குச்சியையும் விரல் கூடுகளையும் கையோடு எடுத்துப் போய், இடது கை எப்படிக் குச்சியை வீசுகிறது, வலது கை விரல்கள் எப்படி அடிக்கின்றன, ஊர்வலத்தில் நாடா எந்தத் தோளை அழுத்துகிறது என்று நடித்துக் காட்டுங்கள். இரும்பு வளையமும் திருகும் பூட்டிய இன்றைய தவிலை மணிக்கணக்கில் சுமந்து நடக்கிறீர்கள் என்பது நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. தோள் இறுகிப்போவதும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும் சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். அதனால் தைலம் தேய்ப்பதற்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள்.

நாதஸ்வரக்காரருக்குக் கூடுதலாகச் சில விஷயங்கள் உண்டு. கண் டாக்டரிடம் நாதஸ்வரம் வாசிப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இறுக்கி ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கண் அழுத்த நோய் இருப்பவரும் கண்புரை அறுவை முடிந்தவரும் டாக்டர் சொல்லும் வரை சீவாளியை வாயில் வைக்கக் கூடாது. குடலிறக்க அறுவை செய்தவருக்கும் இதே கட்டுப்பாடுதான். 'நடக்கலாம்' என்று டாக்டர் சொன்னால் ஊதலாம் என்று நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். ஊதலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் இடிந்துபோக வேண்டாம். சாதாரண வகைக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அதை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்னால் அது 500 ரூபாயாக இருந்தது. உங்கள் சீவாளியை மகனுக்கோ சிஷ்யனுக்கோ கொடுக்காதீர்கள், அவர்களுடையதை நீங்களும் வாங்காதீர்கள். ராஜபாளையம் பஞ்சாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே மேளத்துக்கும் போகிறவர் என்றால், பஞ்சுத் தூசியில் நிற்கும் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, செட்டு நடத்துகிறவரிடம் பேசுவது. விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரி போன் பண்ணி 'முடியலை' என்பதுதான் இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம். நோய் தெரிந்த அன்றே நேரில் போய்ச் சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "அண்ணாச்சி, ரெண்டு மாசம் தோளுக்கு ஓய்வு வேணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவரை நம்ம தம்பிய வச்சுக்கிடுங்க, நான் உருப்படி எல்லாம் சொல்லிக் கொடுத்திருதேன். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்திருவேன்." இதில் நோய், காலக்கெடு, பதில் ஆள், திரும்பி வரும் நாள் நான்கும் வந்துவிட்டன. பதில் ஆளை நீங்களே கொண்டுபோய் நிறுத்தினால் இடம் உங்களுடையதாகவே இருக்கும். அச்சாரத்தில் யாருக்கு எவ்வளவு என்பதையும் அன்றே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது இந்தக் கணக்கில்தான்.

முழுசாக ஒதுங்கத் தேவையில்லாதவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு நடந்து வாசிப்பது, முகூர்த்தம் உட்கார்ந்து வாசிப்பது. சுமக்க முடியாத தவில்காரர் அழைப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தவிலைத் தரையில் வைத்து முகூர்த்தத்தை மட்டும் பார்க்கலாம், டாக்டர் சம்மதித்தால். ஊத முடியாதவர் தாளம் போடலாம், சுருதிப்பெட்டியைக் கவனிக்கலாம், கச்சேரி பேசி முடிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். நேற்றுவரை முன்னால் நின்றவருக்கு ஜால்ராவைக் கையில் எடுக்க மனசு கூசும். கூச வேண்டியதில்லை. சிதார் மேதை ரவிசங்கர் முதுமையில் தன் உடம்புக்கு ஏற்றபடி சிறிய சிதார் செய்து வாங்கினார். 2012 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த கடைசிக் கச்சேரியில் மூக்கில் ஆக்சிஜனோடு உட்கார்ந்து வாசித்தார். அப்போது அவருக்கு வயது 92. அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை.

கை போனாலும் வித்தை போகாது என்பதற்கு நம்மிடமே பெரிய சான்று இருக்கிறது. மிருதங்க வித்வான் டி.ஆர். ஹரிஹர சர்மா விரலில் பட்ட காயத்தால் கச்சேரி வாசிப்பைக் கைவிட நேர்ந்தவர். அவர் கற்பிக்க உட்கார்ந்தார். 1958-இல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவைத் தொடங்கினார். அங்கே தயாரானவர்களில் ஒருவர் அவருடைய மகன், கடம் விக்கு விநாயக்ராம். 'சக்தி' குழுவோடு உலகத்தைச் சுற்றி வந்து கிராமி விருதும் வாங்கியவர். பேரன் செல்வகணேஷின் கஞ்சிராவிலும் தாத்தாவின் பாடம் இருக்கிறது. ஒரு விரலின் காயம் ஒரு பரம்பரையையே தோற்றுவித்தது என்று சொல்வது மிகையாகாது.

தவில்காரருக்கு இந்த வழி இன்னும் எளிது. சொற்கட்டை வாயால் சொல்லி, தொடையில் தாளம் போட்டே ஒரு பையனைத் தயார் செய்யலாம். நாதஸ்வரப் பாடத்திலும் முதலில் வாய்ப்பாட்டுத்தானே? நீங்கள் பாடுங்கள், அவன் ஊதட்டும். யாரும் இல்லாத நேரத்தில் சீவாளியைக் கழற்றிவிட்டு, ராகத்தை மனசுக்குள் பாடியபடி துளைகளில் விரலை மட்டும் ஓடவிடுங்கள். மூச்சு கேட்காத சாதகம் இது. விரல் மறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கற்பிப்பதையே தொழிலாக்க நினைப்பவர்கள், நாதஸ்வரமும் தவிலும் கற்றுத்தரும் விருதுநகர் அரசு இசைப்பள்ளியில் ஒருமுறை போய் விசாரித்து வரலாம்.

வீட்டில் சும்மா கிடக்கும்போது அடுத்த தெருவில் தவில் கேட்டால் நெஞ்சு அடைக்கும். இது பலவீனம் இல்லை. பல நாள் தூக்கமில்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

பணத்துக்கு வழி என்ன? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. தோள், முதுகு, பக்கவாதம் என்று படுத்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். ஆலையில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், நிபந்தனைக்கு உட்பட்டு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் உண்டு. 58 வயது கடந்த நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், நீங்கள் வாசித்த விசேஷங்களின் அழைப்பிதழ், போட்டோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். கலைஞர் என்று நிரூபிக்க அலையும்போது பழைய கோயில் நோட்டீஸ்கூடக் கைகொடுக்கும்.

உடம்பு தேறிய பிறகு அவசரப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். முதல் வாரம் வீட்டில் பத்து நிமிஷம், வலி இல்லையென்றால் அடுத்த வாரம் இருபது என்று ஏற்றுங்கள். திரும்பும் முதல் வேலையாகச் செண்பகத்தோப்புக் கிடாவெட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே மேடையோ நாற்காலியோ இருக்காது, மலையடிவாரத்தில் சுமந்து நடந்து, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். காட்டழகர் கோயில் வரை ஏறுகிற குழு என்றால் நினைக்கவே வேண்டாம். ஊருக்குள், உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் முடிகிற காதுகுத்தாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

செட்டு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோய் என்று வந்து சொன்னவரின் இடத்தைச் சொன்ன நாள்வரை காத்து வையுங்கள். அப்போதுதான் அடுத்தவர் உங்களிடம் மறைக்க மாட்டார். தவிலோ பம்பையோ உறுமியோ அடிக்கிற தம்பிகளுக்கும் ஒன்று: நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போதே, இந்த மாதமே பதியுங்கள். அறுபது வயது தாண்டிவிட்டால் அதில் உறுப்பினராக முடியாது.