உளவளத்துணைப் பணிக்குச் செல்லும் பெறாமகளுக்கு

அன்புள்ள பெறாமகளுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெண்கள் நல நிலையமொன்றில் உளவளத்துணையாளராகப் பணியேற்கவிருக்கும் பெறாமகள் முதலில் மனங்கொள்ள வேண்டியது, அங்கு வரும் பெண்களுட் பெரும்பாலோர் தமது துயரைத் துயரென்று சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதாகும். தலையிடி, மேல்நோ, நித்திரையின்மை, நெஞ்சடைப்பு, வெள்ளைபடுதல் என்று உடம்பின் முறைப்பாடாகவே அது வாசலுக்கு வருகிறது. மருந்து எழுதி முடியும் தறுவாயில், எழுந்து நின்றுகொண்டு, "ஒரே யோசினையாக் கிடக்கு" என்று ஒரு வார்த்தை தயங்கித் தயங்கி வெளிவருமாயின், அதுவே அந்தப் பெண் உண்மையில் சொல்ல வந்த செய்தி. அந்த வார்த்தைக்கு மறுபடியும் கதிரையைக் காட்டத் தெரிந்தவரே இப்பணிக்கு உரியவர். உளவளத்துணை என்பது, துயருற்றவர் தன் நிலையைத் தானே தெளிந்து தன்னால் இயலும் முடிவைத் தானே எடுக்கும்வரை, பயிற்சி பெற்ற ஒருவர் இரகசியம் காத்து உடனிருந்து கேட்பதாகும்; "பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போ" என்று சொல்வது அதற்குள் அடங்காது, ஏனெனில் அதைச் சொல்ல அந்தப் பெண்ணின் வீட்டிலேயே பலர் இருக்கிறார்கள்.

பெண்களுக்கென்று தனியான ஒரு வாசல் வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதியதன்று. அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் திரட்டிய நிதியைக் கொண்டு 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக எழுந்ததற்கும், டாக்டர் இசபெல்லா கேர் போன்ற பெண் வைத்தியர்கள் அங்கே பணியாற்றியதற்கும், ஆண் வைத்தியர் முன் செல்ல மறுத்து வீட்டிலேயே நோயைச் சுமந்திருந்த பெண்களின் நிலையே காரணமாயிற்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1847இல் யாழ்ப்பாணம் வந்து பின்னர் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மகப்பேற்று மருத்துவம் உட்படப் பல துறை நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் கூச்சத்துக்கு இடங்கொடுக்கும் கட்டடமும் நோயாளிக்கு விளங்கும் மொழியும் ஆகிய இவ்விரண்டுமே இன்றும் பெண்கள் நல நிலையமொன்றின் அத்திவாரமாகும். மற்றவை அவற்றின்மேல் எழுபவை.

அரச சேவையில் இதற்கு நிகராக இருப்பது சுகவனிதையர் கிளினிக் ஆகும். 1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெற்றுவரும் இச்சேவை, முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்களை நோய் வருமுன் அழைத்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம் என்பவற்றைச் சோதிப்பதோடு, கருப்பைக் கழுத்திலிருந்து சிறிதளவு கலங்களை வழித்தெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கும் 'பப்' பரிசோதனையையும் செய்கிறது. புற்றுநோயாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கலங்களின் மாற்றத்தைக் கண்டுகொள்ள அது உதவுகின்றது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பரிசோதனைக்கு வராமலிருப்பதற்குப் பெண்கள் சொல்லும் காரணம் நோவு அன்று, வெட்கமே. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோய் முற்றியபின் வருகின்ற பெண்ணை நினைத்துப் பார்த்தால், இந்த வெட்கத்தைக் கரைப்பதற்குச் செலவிடப்படும் ஒரு மணி நேரமும் வீண் அன்று என்பது புலனாகும். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு இரு தடவைகளாக ஏற்றப்படும் எச்.பி.வி. தடுப்பூசியும் இதே புற்றுநோயைத் தடுப்பதற்கே. அதைப் பற்றித் தாய்மார் கேட்கும் ஐயங்களுக்குப் பொறுமையாக விடை சொல்வது மருத்துவரின் வேலை மட்டுமன்று.

கிளினிக் அறையில் பெறாமகள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. இளம் மனைவி கதிரையில் அமர்ந்திருக்க, கூடவந்த மாமியார் அருகில் நின்று ஒவ்வொரு கேள்விக்கும் தாமே மறுமொழி சொல்வதும், மனைவி தன் கைலேஞ்சியின் மூலையை முறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்ப்பதும் அடிக்கடி நிகழ்வன. மாமியாரை வெளியே போகச் சொல்வது பகையை வீட்டுக்கு அனுப்பிவைப்பதாகும்; நிறை பார்ப்பதற்கோ சிறுநீர்ப் பரிசோதனைக்கோ என்று மருமகளை உள்ளறைக்கு அழைத்துச் செல்வதே தக்க வழி என்பதை அனுபவமுள்ள குடும்பநல உத்தியோகத்தர்கள் நன்கு அறிவர். அங்கே கிடைக்கும் ஐந்து நிமிடங்களில் கேட்கத்தக்க கேள்வி, "வீட்டில் பயமில்லாமல் இருக்க முடிகிறதா" என்பது ஒன்றே. வன்முறைக்குள்ளான பெண்களுக்காக அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இயங்கும் பிரிவுகளுக்கு அவர்களை ஆற்றுப்படுத்துவதும் இவ்வழியிலேயே இயலும். வைத்தியசாலைக்குள்ளேயே அவை அமைந்திருப்பதால், மருந்தெடுக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் அங்கே போய்வரலாம்.

இரகசியம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு முறையில் உறவினர்; உளவளத்துணையாளரின் தாயும் வந்த பெண்ணின் மாமியும் ஒரே கோயில் திருவிழாவில் ஒரே வரிசையில் நிற்பவர்கள். ஆகவே பெயரை மறைத்துச் சொன்னாலும் கதையைக் கேட்டவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு, வீட்டிலும் நட்பு வட்டத்திலும் கதையையே சொல்லாதிருப்பது ஒன்றே காப்பாகும். வந்த பெண்ணின் உயிருக்கோ ஒரு சிறுபிள்ளைக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும் பிறருக்குச் சொல்ல நேரும் என்பதையும் முதற் சந்திப்பிலேயே அந்தப் பெண்ணுக்கு அறிவித்துவிட வேண்டும். ஒரு தடவை இரகசியம் கசிந்தால் அந்தக் கிராமத்திலிருந்து அந்த வாசலுக்கு இனி ஒருவரும் வரமாட்டார்.

செயலமர்வுகளிலும் இதே கவனம் தேவைப்படுகின்றது. சனசமூக நிலையத்தில் மங்கள விளக்கேற்றி, விருந்தினர் உரை முடித்து, வரவுப் பதிவேட்டில் ஒப்பம் வாங்கி, நிதி தந்தவர்களுக்கு அனுப்பப் புகைப்படம் எடுத்து, மதியச் சோற்றுப் பொதியோடு அனுப்பிவிடுகின்ற நிகழ்வுகள் குடாநாட்டில் போதுமான அளவு நடந்துவிட்டன. வன்முறையைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அமர்ந்திருப்பவரின் படம் கணவரின் கைத்தொலைபேசிக்குச் சென்றடைய அதிக நேரம் பிடிப்பதில்லை என்பதால், படம் எடுப்பதை முற்றாகத் தவிர்ப்பதே முறை. சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியால் வருமுன் உள்ள இடைவேளையில், பதினைந்து பேருக்கு மேற்படாமல், மாதவிடாய், துடக்கு, பிள்ளைப்பேற்றின் பின் வரும் மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் பருவம் என்று ஒரு நாளுக்கு ஒரு பொருளாக எடுத்துக்கொண்டால் பேச்சு தானாகவே பெருகும். கூட்டம் கலைந்தபின் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுவதற்கென்று பின்தங்குகிற பெண்ணைத் தனியே விடாமல், கூட நின்று கோப்பைகளைத் துடைக்க வேண்டும்.

சட்டத்தை அறியாத உளவளத்துணை அரைவாசித் துணையே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடியுதை மட்டுமன்றி மனத்தை வதைக்கும் கொடுமைக்கும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்ணின் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், சீதனமாகப் பெற்ற தன் சொந்தக் காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது என்பதை, கடனில் மூழ்கிய பெண்ணொருவர் வந்திருக்கும்போது மறந்துவிடலாகாது. ஆயினும் கணவர் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்குவதற்கு 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலேயே வழியுண்டு. இதனைப் பல பெண்கள் அறியார்.

போரில் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரிடமும் தாய்மாரிடமும், இழப்பை ஏற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. மரணச் சான்றிதழ் பெற மனம் ஒவ்வாதவர்களுக்காக, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழொன்றை வழங்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதைப் பெறுவதா இல்லையா என்பதையும், பொட்டு வைப்பதா இல்லையா என்பதையும் அவரவரே தீர்மானிப்பார். அங்கே உளவளத்துணையாளருக்குரிய வேலை, ஒரே கதையை இருபதாவது தடவையும் முதற்தடவைபோலக் கேட்பதாகும்.

இவ்வளவையும் கேட்பவர் தாமும் களைத்துப்போவார். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட சாந்திகம் என்ற உளவளத்துணை நிறுவனமும், பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்களும் போர்க்காலத்திலிருந்தே உள்ளூரவரைப் பயிற்றி வளர்த்த மரபில், மேற்பார்வை என்பது, அதாவது துணையாளர் தம் சுமையை மூத்த துணையாளர் ஒருவரிடம் ஒழுங்காக இறக்கிவைப்பது, பணியின் ஒரு பகுதியே. அதைத் தன் இயலாமை என்று கருதிப் பெறாமகள் தவிர்த்துவிடக் கூடாது.

பணியேற்கும் முதல் வாரத்திலேயே செய்யத்தக்க ஒரு காரியம் உண்டு. பெண்களுக்கான உதவி இலக்கமாகிய 1938ஐயும், தேசிய உளநல உதவி இலக்கமாகிய 1926ஐயும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, நிலையத்தின் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். கூடவந்தவர் எவரும் இல்லாமல் ஒரு பெண் நின்று வாசிக்கக்கூடிய இடம் அந்த வளாகத்தில் அது ஒன்றுதான்.

இவ்வண்ணம்,
அன்புள்ள பெரியம்மா