நெடுந்தூர நீச்சலும் உடல்நலமும்

நம் திருத்தணிக்குக் கடல் இல்லை. மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை உண்டு; சுற்றியுள்ள ஊர்களில் ஏரிகளும் கிணறுகளும் உண்டு. ஆயினும் கடலை நீந்திக் கடந்தோரின் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நீந்தத் தெரியாதவருக்கே நீரில் ஆபத்து என்று நாம் எண்ணுகிறோம். நன்கு நீந்தத் தெரிந்தவரையும் நீர் எவ்வாறு வீழ்த்துகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இலங்கையின் வடகரைக்கும் தமிழகத்துக்கும் இடையே உள்ளது பாக் நீரிணை. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி அதை நீந்திக் கடந்தார். 1966இல் மிகிர் சென் கடந்தார். 1994இல் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் தம் 12ஆம் வயதில் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் கோடியக்கரை வரை நீந்தி, நீந்தியே ஊர் திரும்பினார். இதற்கு 51 மணி நேரம் ஆயிற்று. 'ஆழிக்குமரன்' என்று மக்கள் அவரைப் போற்றினர். அந்த ஆழிக்குமரனே 1984 ஆகஸ்டு 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். திறமையும் மனவுறுதியும் மட்டுமே போதும் காவல் ஆகா என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

குளிரின் தீங்கு

ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் ஏறத்தாழ 15 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பமே உடையது. நம் உடலின் இயல்பான வெப்பமோ 37 பாகை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அந்நிலையை ஹைப்போதெர்மியா என்பர். முதலில் நடுக்கம் வரும். பின்னர் பேச்சுக் குழறும், கைவீச்சுத் தளரும், சிந்தனை மங்கும். சிந்தனை மங்கியவருக்குத் தம் நிலை தமக்கே தெரியாது. 'இன்னும் நீந்துவேன்' என்றே அவர் சொல்வார்.

கரையேறிய பின்னும் சிறிது நேரம் உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அவரைப் படுக்கவைத்து, ஈர உடையை நீக்கி, உடலைத் துவட்டிக் கம்பளியால் போர்த்த வேண்டும். கைகால்களைத் தேய்த்துவிடுதல் கூடாது.

வெப்பத்தின் தீங்கு

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறினால் வியர்வை வழியும். அது உலர்வதால் உடல் குளிரும். நீருக்குள் வியர்வை உலர வழியில்லை. வெதுவெதுப்பான நீரில் வேகமாக நீந்துபவரின் உடலில் வெப்பம் தேங்குகிறது. தாம் வியர்ப்பதும் நீர்ச்சத்தை இழப்பதும் அவருக்கே தெரிவதில்லை. 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு நாட்டின் ஃபுஜைராவில் வெப்பமான கடல்நீரில் 10 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. 26 வயதான அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் அதில் இறந்தார். அவர் கரை சேரவில்லை என்பதைச் சக வீரர்களே கவனித்துத் தேடத் தொடங்கினர். பின்னர், நீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டினால் பந்தயம் கூடாது என்று சர்வதேச நீச்சல் சம்மேளனம் விதி செய்தது.

மற்றத் தீங்குகள்

நீரில் அமிழ்ந்திருக்கும்போது கைகால்களின் இரத்தம் மார்புப் பகுதியை நோக்கித் தள்ளப்படுகிறது. கடும் உழைப்பும் குளிரும் சேர்ந்தால் சிலருக்கு நுரையீரலுக்குள் நீர் கசியும். மூச்சுத் திணறலும், இருமலும், இரத்தம் கலந்த நுரைச் சளியும் இதன் அறிகுறிகள். உடனே நீந்துவதை நிறுத்தி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடல்நீரை விழுங்கினால் வாந்தி வரும், நாக்கு வீங்கும். சொறிமுட்டை எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தோல் எரியும்.

காப்பவர் யார்?

மேற்கண்டவை பலவற்றில் ஒற்றுமை ஒன்று உண்டு. ஆபத்து மெல்ல வருகிறது. நீந்துபவர் அதைக் கடைசியில்தான் அறிகிறார். ஆகவே உடன்வரும் படகில் இருப்பவரின் கண்ணே அவருக்குக் காவல். அவர்கள் கைவீச்சை எண்ணுவர். குறித்த நேரத்தில் உணவு நீட்டுவர். கேள்வி கேட்டு, பதில் தெளிவாக வருகிறதா என்று கவனிப்பர். 'போதும், ஏறு' என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

ஆரத்தி சாகா 1959 ஆகஸ்டு 27 அன்று ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். கரை சில மைல் தொலைவில் இருந்தபோது நீரோட்டம் எதிர்த்தது. முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அடுத்த மாதம் 29ஆம் நாள் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, அச்சாதனை படைத்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். அன்று படகு ஏறியது தோல்வியன்று என்பதை இவ்வெற்றி காட்டியது.

மாணவியரே, நாம் கால்வாயைக் கடக்கப் போவதில்லை. ஆனால் விடுமுறையில் ஏரியிலோ கிணற்றிலோ இறங்குகிறோம். எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் தனியே இறங்காதிருப்போம். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். எவரேனும் தத்தளித்தால் நாமும் குதிக்காமல், கயிற்றையோ தாவணியையோ வீசி இழுப்போம், உரக்கக் கூவி ஆள் சேர்ப்போம், 108க்குச் சொல்வோம். பெற்றோர் 'போதும், ஏறு' என்று அழைத்தால் மறுபேச்சின்றிக் கரையேறுவோம். நாளைக்கும் நீந்தலாம்.