காணியும் கடதாசியும்

பூட்டானும் நம்ம மலைநாடு மாதிரி மேடும் பள்ளமுமான நாடுதான். அங்கே காணி விஷயம் எப்படி என்று இந்த முறை பார்ப்போம்.

ஒரு குடும்பத்தின் காணி 'திராம்' என்ற அரசாங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பரம்பரையாக உழுதோம் என்றால் மட்டும் போதாது. ஒரு குடும்பத்துக்கு உச்ச அளவு 25 ஏக்கர்.

முன்பு சங்கிலி பிடித்து அளந்தார்கள். சரிவு நிலத்தில் அந்தக் கணக்கு பிசகும். 2008இல் புதிய கருவிகளோடு நாடு முழுக்க மறுபடி அளக்கத் தொடங்கினார்கள். பலரிடம் பதிவில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காணி இருந்தது. மன்னர் அதை 'கிடு' என்னும் கொடையாகப் பலருக்கு வழங்கினார். காணி வழங்கும் அதிகாரத்தை 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பும் மன்னருக்குக் கொடுத்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1988 குடிசன மதிப்பில், தெற்கே வாழ்ந்த நேபாளி பேசும் மக்களிடம் 1958ஆம் ஆண்டு காணி வரி ரசீதைக் கேட்டார்கள். காட்ட முடியாதவர்கள் பலர் அந்நியர் என்று எழுதப்பட்டார்கள். ரசீது வைத்திருந்தவர்களிலும் பலர் துரத்தப்பட்டார்கள். 1990க்குப் பிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நேபாள முகாம்களில் அகதிகளானார்கள்.

குடியுரிமை இல்லாமல் கிடந்த நம்ம பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடதாசி மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது. ஆனால் அது இல்லாவிட்டால் வாய் திறக்கவே வழியில்லை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, காணிக் கடிதம் எல்லாவற்றையும் நனையாமல் பெட்டியில் வைப்போம். பிரதி ஒன்று எடுத்து வேறு இடத்திலும் வைப்போம்.