மண்ணீரலில் சீழ்க்கட்டி

இடப்பக்க விலா எலும்புகளின் கீழ் மறைந்திருக்கும் மண்ணீரல், இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு. இரத்தத்தில் கலந்த பாக்டீரியா சில வேளைகளில் அங்கேயே தங்கிப் பெருகிச் சீழ்க்கட்டியாகிறது. விடாத காய்ச்சல், குளிர்நடுக்கம், இடப்பக்க மேல்வயிற்று வலி, சிலருக்கு இடத்தோளிலும் வலி, உடல் மெலிவு ஆகியவை அதன் அறிகுறிகள். கட்டி இருப்பதை ஸ்கேன் காட்டிவிடும். எந்தக் கிருமியால் வந்தது என்பதை அது சொல்லாது.

காசநோய், டைபாய்டு, இதய வால்வுத் தொற்று ஆகிய யாவும் மண்ணீரலில் கட்டியை உண்டாக்க வல்லவை. நம் பகுதியில் மெலியோய்டோசிஸ் என்னும் நோயையும் நினைவில் கொள்ள வேண்டும். ரங்கூனில் ஆல்ஃப்ரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் கண்டறிந்து 1912-இல் உலகுக்கு அறிவித்த நோய் இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் இதைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதியுள்ளனர். இதன் கிருமி ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது. பெரும்பாலும் தோலிலுள்ள காயத்தின் வழியாக உடலுள் புகும். சர்க்கரை நோயாளிகளை இது எளிதில் பற்றும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் தொழிலாளர் குடும்பத்தினர், சுண்ணாம்பும் குரோமியமும் காரணமோ என அஞ்ச வேண்டியதில்லை. இது கிருமியால் வருவது.

காசநோய் மருந்துகள் மெலியோய்டோசிசைக் குணப்படுத்தா. ஆகவே நாங்கள் இரத்தத்தையும், இயன்றால் ஸ்கேன் துணையோடு ஊசியால் எடுத்த சீழையும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புகிறோம். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அந்தக் காத்திருப்பு குடும்பத்தினருக்குக் கடினமானதே. வேறிடத்தில் முன்பே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் கிருமி வளராமல் போகக்கூடும். அந்த மருந்துச் சீட்டைத் தவறாமல் கொண்டு வாருங்கள்.

பெரிய கட்டியின் சீழை ஊசியாலோ குழாய் வைத்தோ வெளியேற்றுவோம். சிறு கட்டிகள் பல இருந்தால் பெரும்பாலும் மருந்தே போதும். மண்ணீரலை அகற்றுவது கடைசி வழி. அகற்றப்பட்டவர்களுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் அவசியம்.

மெலியோய்டோசிஸ் உறுதியானால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தைக் குறைந்தது இரண்டு வாரம், மண்ணீரலில் கட்டி இருந்தால் பெரும்பாலும் அதற்கும் மேலாக, இரத்தக்குழாய் வழியே செலுத்துவோம். காய்ச்சல் தணியவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். மருந்து பலிக்கவில்லை என்று கலங்க வேண்டாம். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 முதல் 6 மாதம். வீடு திரும்பிப் பசியெடுத்து வேலைக்கும் போகத் தொடங்கியவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுவதுண்டு. நிறுத்தினால் நோய் திரும்பும்; உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை உண்ணும் நாளில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே வாருங்கள். மாற்று மருந்து உண்டு.