எம்.ஒய். நம்பர் ஃபியட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அத்திப்பள்ளி தாண்டி ஆனேக்கல்லில் ஒரு வீட்டில் 1968-ம் வருடத்து ஃபியட் 1100 டிலைட் நிற்கிறது. மைசூர் மாநில காலத்து எம்.ஒய். நம்பர். தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் விற்கிறார். ‘பழைய இத்தாலியன் ஸ்போர்ட்ஸ் கார், சிங்கிள் ஓனர், எல்லாம் ஒரிஜினல்’ என்கிறார் புரோக்கர். நான் சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேன்கனிக்கோட்டை வரை ஓட்டிப் போக ஆசை. வாங்கலாமா?
– ஒரு வாசகர், மத்திகிரி, ஓசூர்

பதில்: புரோக்கர் சொன்ன மூன்றில் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பதை முதலில் கழித்துவிடுங்கள். டிலைட், நான்கு கதவு வைத்த குடும்ப வண்டி. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. அதே உருவம்தான் 1970-களில் பத்மினி என்று பெயர் மாறி, 2000 வரை வந்தது.

ஆனாலும் அவர் முழுப் பொய் சொல்லவில்லை. 1930-களின் கடைசியில் வந்த ஃபியட் 1100-க்கும் உங்கள் டிலைட்டுக்கும் எஞ்சின் அளவு ஒன்றுதான்: 1,089 சிசி. அந்தப் பழைய 1100-ன் பாகங்களை வைத்துத்தான் டுரின் நகரத்து சிசிடாலியா கம்பெனி பந்தயக் கார் கட்டியது. 1947 மில்லே மிலியா பந்தயத்தில் இத்தாலியப் பந்தய வீரர் நுவோலாரி இரண்டாவதாக வந்தது சிசிடாலியாவில். அதன் 202 கூபேயை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1951-ல் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைத்தது. வம்சம் பெரியதுதான். அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

விலை வைக்க வேண்டியது வண்டியின் காகிதங்களுக்கு. லால் பகதூர் சாஸ்திரி 1964-ல் வாங்கிய ஃபியட்டைப் பாருங்கள். விலை சுமார் 12,000 ரூபாய். அதில் 5,000 பஞ்சாப் நேஷனல் வங்கிக் கடன். அவர் மறைந்த பிறகு மனைவி லலிதா தன் ஓய்வூதியத்தில் அந்தக் கடனை அடைத்தார். டெல்லியில் சாஸ்திரி நினைவில்லத்தில் நிற்கும் அந்த வண்டிக்கு மதிப்பு தகரத்தால் வந்ததல்ல. யார் வாங்கினார், எப்படி வாங்கினார் என்பது தெரிவதால் வந்தது.

உங்கள் வண்டிக்கும் அதைத்தான் கேளுங்கள். ஆர்.சி. புக்கில் இன்னும் தாத்தா பெயர்தானா? அப்படியானால் பேரனுக்கு அதை விற்கும் உரிமை இல்லை. வாரிசுகள் சம்மதத்தோடு படிவம் 31 கொடுத்து முதலில் அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அன்று கடனில் வாங்கியிருந்தால் வங்கியின் பெயர் இன்னும் புக்கில் உட்கார்ந்திருக்கலாம். அதை நீக்க படிவம் 35. பிறகுதான் கர்நாடக ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., அதாவது படிவம் 28. பக்கத்து ஊர்தானே என்று எம்.ஒய். நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும். எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தினமும் தாண்டுகிற ஊரில் இதைப் பலரும் சட்டை செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள்.

‘ஒரிஜினல்’ என்பதை நீங்களே சோதிக்கலாம், நீங்கள் பட்டறை மனிதர். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரையும் பாருங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ ஃபியட்டில் டீசல் எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். இந்த வண்டிக்குத் தனி ஃபிரேம் கிடையாது, பாடியே ஃபிரேம். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் தரையும் துருப்பிடித்திருந்தால் அது அழகுக் குறை அல்ல, ஆபத்து. துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்; ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. மங்கிய பழைய பெயின்ட் இருந்தால் சந்தோஷப்படுங்கள். புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் தேய்மானத்துக்குக் கவலை வேண்டாம். போர் செய்யவும் புஷ் கடையவும் ஓசூரில் லேத்துக்கா பஞ்சம்?

ஐம்பது வயது தாண்டியதால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் கேட்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தேன்கனிக்கோட்டை உலா அதில் அடங்காது. உங்களுக்குச் சாதாரணப் பதிவே சரி: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேஸிஸ் நம்பர் ஒத்துப்போய், தரை கெட்டியாக இருந்தால் வாங்குங்கள். ஆனால் ஆர்.சி. பேரன் பெயருக்கு மாறி, என்.ஓ.சி. கைக்கு வரும்வரை புரோக்கருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.