அப்பாருவின் மாத்திரை பூனைக்கு அல்ல

"அப்பாருக்குக் குடுக்கற சக்கரை மாத்திரையில கால் துண்டு உடைச்சு, பாலுல கலந்து வெச்சாப் போதுமுங்களா டாக்டர்?"

பூனைக்குச் சர்க்கரை நோய் என்றதும், குண்டடம் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரும் இதைக் கேட்கிறார், பனியன் கம்பெனி இடைவேளையில் போன் செய்கிற பெண்ணும் இதையே கேட்கிறார். பலர் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

'சர்க்கரை மாத்திரை' என்று ஒரே ஒரு மாத்திரை கிடையாது. அப்பாருவின் அட்டையில் பெரும்பாலும் இருப்பது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கலந்தது. மெட்ஃபார்மினால் பூனைக்குப் பெரிய பலன் இல்லை. வாந்தியும் பசியின்மையும்தான் மிச்சம். கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அப்பாரு அறுபத்தைந்து கிலோ, பூனை நாலு கிலோ. எடைக்கு எடை பார்த்தால் அந்தக் கால் துண்டே அவர் சாப்பிடுவதைப் போல நாலு மடங்கு. சர்க்கரை சடாரென்று இறங்கி, வலிப்பு வந்து, விடிவதற்குள் பூனை போய்விடலாம்.

இப்போது டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதே வகையைச் சேர்ந்த இரண்டு மருந்துகளைப் பூனைக்கென்றே அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் அனுமதித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றை எல்லாப் பூனைக்கும் கொடுப்பதில்லை. சிறுநீரகம், கல்லீரல், கீட்டோன் எல்லாம் சோதித்து, ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைகளை விலக்கிவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். உடம்பில் இன்சுலின் வற்றிய பூனைக்கு இது போனால், மீட்டரில் சர்க்கரை சரியாகத் தெரியும். ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும். இதையா பாலில் கலந்து வைப்பது?

நம் ஊர்ப் பூனைக்கு இன்றைக்கும் நம்பகமான மருந்து இன்சுலின்தான். "ஊசி ஆரம்பிச்சா சாகற வரைக்கும் ஊசிதான்" என்பதும் தவறு. நீடித்த சர்க்கரையே கணையத்தைக் கெடுக்கிறது. சீக்கிரம் ஊசி தொடங்கி, மாவுச்சத்தைக் குறைத்தால் கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும். சில பூனைகள் சில மாதங்களில் ஊசியே வேண்டாத நிலைக்குத் திரும்புகின்றன. மாத்திரையை வைத்து நாளைக் கடத்துகிறவர்கள் தொலைப்பது இந்த வாய்ப்பைத்தான்.

மற்ற சந்தேகங்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இனிப்புத் தின்றதால் வந்ததா? இல்லை, பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயம்? வாயில் திணித்தால் சாப்பாட்டையே வெறுக்கும். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து. ஒருமுறை 300 காட்டினால் சர்க்கரை நோயா? பைக்குள் போட்டு வண்டியில் கொண்டுவந்த பயத்திலேயே அவ்வளவு ஏறும். ஃப்ரக்டோசமின் சோதனை கடந்த ஓரிரு வார நிலவரத்தைச் சொல்லும், அதைக் கேளுங்கள்.

உண்மையான காரணங்கள் வேறு: எடை, வயது, காயடித்த கடுவனாக இருப்பது. அதோடு ஸ்டீராய்டு. அரிப்பு என்றதும் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதை நான் பார்க்கும் இடமெல்லாம் எதிர்க்கிறேன். முதலில் தெள்ளுப்பூச்சியை ஒழியுங்கள். அடுத்த ஊசிக்கு முன்னால், "இது ஸ்டீராய்டுங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீட்டு வேலைக்கு வருவோம். ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒன்றரை ஷிப்ட் போகிறவர்கள், வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மிச்சி இருந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். தனக்கே ஊசி போட்டுக்கொள்கிறவரின் கை நடுங்காது. பூனை தின்றுகொண்டிருக்கும்போதே விலாப்பக்கத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடியில் ஏற்ற வேண்டும். ஆனால் அம்மிச்சியின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். நம் மருந்துக் கடைகளில் இன்சுலின் 40 என்றும் 100 என்றும் இரண்டு அடர்த்தியில் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் உறிஞ்சினால், ஒரு யூனிட் என்று நினைத்து இரண்டரை யூனிட் போட்டுவிடுவீர்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பால்சோறு, தயிர்சோறு இரண்டையும் நிறுத்துங்கள்; பூனைக்கு மீனும் கோழியும்தான் உணவு. தண்ணீரை அளந்து வையுங்கள். நாலு கிலோ பூனை ஒரு நாளில் 200 மில்லிக்கு மேல் குடித்தாலோ, பின்னங்குதிகால் தரையில் படிய நடந்தாலோ சர்க்கரை கட்டுக்குள் இல்லை. சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். தள்ளாடினாலோ, சுருண்டு விழுந்தாலோ குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றவும் கூடாது, விரலை விடவும் கூடாது. தெளிந்ததும் சாப்பாடு வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். அவர் சொல்லும்வரை அடுத்த ஊசி வேண்டாம்.